டெலிரியம்: ஒரு கிளைக்குழுவின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

கீழ்ச்சுரம் (இழையைத் தொடங்கியவர்)

டெலிரியம் என்ற கனடிய மின்னணு இசைக்குழு என்றதும் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது 'சைலன்ஸ்' என்ற ஒரே பாடல்தான்; அதிலும், பாடகி சாரா மெக்லாக்லனின் குரலை எடுத்து டச்சுக்காரரான டியெஸ்டோ நடனக்கூடங்களுக்காக நீட்டி விரித்த வடிவம்தான். இக்குழுவைப் பற்றி எழுதுகிறவர்களும் அந்தப் பாட்டிலிருந்து பின்னோக்கி நடந்து வந்து, "இண்டஸ்ட்ரியல் இசைக்காரர்கள் இருவர் இளைப்பாறுவதற்காகத் தொடங்கிய குழு" என்று (இண்டஸ்ட்ரியல் என்பது எந்திர ஓசைகளைக் கொண்டு கட்டும் வன்மையான மின்னணு இசை) ஒரே வரியில் முன்கதையை முடித்துவிடுகிறார்கள். அந்த ஒற்றை வரிக்குள் ஏறத்தாழ பத்து ஆண்டுகளும் எட்டுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகளும் புதைந்து கிடக்கின்றன என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வியன்னாவில் பிறந்து சிறுவயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த பில் லீப், 1985 வாக்கில் வான்கூவரின் ஸ்கின்னி பப்பி குழுவில் வில்ஹெல்ம் ஷ்ரோடர் என்ற பெயரில் சின்தசைசரில் கீழ்ச்சுரம் (பேஸ்) வாசித்தார். (என் புனைபெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.) 1986இல் அங்கிருந்து விலகி ஃப்ரண்ட் லைன் அசெம்பிளியைத் தொடங்கினார். கடினமான தாளம், உருக்குலைத்த குரல், போர், எந்திரம், கண்காணிப்பு ஆகியவற்றைச் சுற்றும் சொற்கள் என்று அக்குழுவின் முகம் விரைவிலேயே உறுதிப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டே மைக்கேல் பால்ச்சுடன் சேர்ந்து அவர் தொடங்கிய மற்றொன்றுதான் டெலிரியம். முதல் இசைத்தட்டான 'ஃபேசஸ், ஃபார்ம்ஸ் அண்ட் இல்யூஷன்ஸ்' 1989இல் பெர்லினின் டாசியே நிறுவனத்திலிருந்து வந்தது. அதே ஆண்டில் 'மார்ஃபியஸ்' வந்தது. பால்ச் விலகியதும் அவருடைய இடத்துக்கு ரீஸ் ஃபல்பர் வந்தார். 'சைரோஃபெனிக்கன்', 'ஸ்டோன் டவர்', 'ஸ்பிரிச்சுவல் ஆர்க்கைவ்ஸ்' ஆகிய மூன்றும் 1990, 1991 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்குள் வெளியாயின.

இந்த ஐந்து தட்டுகளிலும் பாடல் என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ எதுவுமில்லை. நெடுநேரம் அசையாமல் நிற்கும் சுரங்கள், எங்கோ தொலைவில் கேட்கும் முரசு, எந்த மொழி என்று பிடிபடாத ஓதுதல் ஆகியவையே இருக்கின்றன. எனவே, 'சைலன்ஸ்' தட்டில் வந்த 1997இன் மென்மை ஒருநாள் திடீரென்று முளைத்தது அன்று. ஃப்ரண்ட் லைன் அசெம்பிளி என்ற பெயர்ப்பலகையின் கீழ் வைக்க முடியாதவற்றை வைப்பதற்கென்று தொடக்கத்திலேயே கட்டிய அறை டெலிரியம் என்பதே என் கருத்து. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

இரைச்சல்விரும்பி

அறை என்ற உவமை அழகாக இருக்கிறது. ஆனால், அந்த அறையை 1994இல் வாடகைக்கு விட்டுவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டாசியே காலத் தட்டுகளை நான் மதிக்கிறேன். அவற்றில் ஓர் அச்சம் இருக்கிறது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது போன்ற உணர்வு இருக்கிறது. 1994இல் நெட்வெர்க் நிறுவனத்துக்காகச் செய்த 'செமான்டிக் ஸ்பேசஸ்' அந்த மரபில் வந்தது அன்று. கிறிஸ்டி தர்ஸ்கின் இனிய குரல், இடுப்பசைக்கும் தாளம், மேலே தூவிய ஓதுதல் என்று அதன் செய்முறை முழுவதும் 1990இல் எனிக்மா என்ற இசைக்குழு கிரெகோரிய ஓதுதலை (கத்தோலிக்கத் தேவாலயத்தின் பழைய ஓதுதலை) நடனத் தாளத்தின் மேல் வைத்து உலகெங்கும் விற்றுக் காட்டிய பிறகு வந்தது. சந்தையில் எது ஓடுகிறது என்பதைக் கவனித்துச் செய்த தட்டை, தொடக்கத்திலேயே போட்ட விதை முளைத்தது என்று விளக்குவது அன்பின் மிகுதியே தவிர வரலாறு ஆகாது. பெயரை மாற்றாமல் வேறொரு குழுவைத் தொடங்கிவிட்டார்கள் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

நான்காம் தடம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் கருவிகளின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வன்மை, மென்மை என்று நாம் இங்கே பிரித்துப் பேசும் இரண்டும் அக்காலத்தில் ஒரே மேசையில், ஒரே பெட்டிகளிலிருந்து வந்தவை.

ஓர் ஓசையைப் பதிவு செய்து, விசைப்பலகையில் வெவ்வேறு சுருதிகளில் வாசிக்கத் தரும் சாம்ப்ளர் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் வந்த அக்காய் எஸ்900இன் நினைவகம் 750 கிலோபைட்டு. முழுத் தரத்தில் பதிவு செய்தால் மொத்தமே 12 விநாடிக்கும் குறைவாகத்தான் அதில் கொள்ளும். ஆகவே, அக்காலத்தில் பலரும் ஒரு தந்திரத்தைக் கையாண்டார்கள்: 33 சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிவு செய்துகொள்வார்கள், பிறகு விசைப்பலகையில் கீழே உள்ள கட்டையை அழுத்தி அதைப் பழைய வேகத்துக்கு இறக்குவார்கள். இடம் மிச்சமாகும், ஆனால், ஒலியின் மேற்பகுதி மங்கிப்போகும். இன்னும் இரண்டு மூன்று கட்டைகள் கீழே போனால், சாதாரணமாகப் பேசிய குரல் குகைக்குள்ளிருந்து வரும் முனகலாகிவிடும். உலோகத் தகட்டைத் தட்டிய ஓசையை அப்படி இறக்கினால், கோயில் மணியின் அதிர்வு போல நான்கைந்து விநாடிகள் நீண்டு அடங்கும். அதே தகட்டோசையை மேலே ஏற்றி, நறுக்கி, ஒரு நிமிடத்துக்கு 120 முறை அடித்தால் அது இண்டஸ்ட்ரியல் தாளம் ஆகிவிடுகிறது.

இரவு முழுவதும் இந்த வகை வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: வேகமான பாட்டுக்காக ஓர் ஒலியைத் தேடும்போது, தவறான கட்டையில் விரல் பட்டு மெதுவான ஒன்று கிடைத்துவிடும். அது அந்தப் பாட்டுக்கு உதவாது. தூக்கி எறியவும் மனம் வராது. கிளைக்குழுக்கள் பலவற்றின் பிறப்பு இத்தகைய எச்சங்களிலிருந்துதான் என்பது என் ஊகம்.

மழைக்கால ரேடியோ

சிறிய குறிப்பு ஒன்று. கிளைக்குழு தாய்க்குழுவை விழுங்குவது வான்கூவரில் புதியதன்று. ஸ்கின்னி பப்பியே 1982இல், இமேஜஸ் இன் வோக் என்ற இனிமையான சின்த்பாப் (சின்தசைசரை முன்னிறுத்தும் பாப் இசை) குழுவில் முரசு வாசித்துக்கொண்டிருந்த செவின் கீ தன் மனநிறைவுக்காகத் தொடங்கிய கிளை முயற்சிதான். அங்கே மென்மையான தாய்க்குழுவிலிருந்து வன்மையான கிளை வந்தது. இங்கே திசை தலைகீழ். செவின் கீ வன்மைக்குப் போனபோது யாரும் சந்தைக்காகப் போனார் என்று சொல்லவில்லையே, இரைச்சல்விரும்பி ஐயா?

இரைச்சல்விரும்பி

நியாயமான கேள்வி. வன்மைக்குப் போவதில் அன்று பணம் இல்லை. மென்மைக்கு வருவதில் இருந்தது. என் ஐயம் அதிலிருந்துதான் பிறக்கிறது. வேறு காரணம் எதுவும் எனக்கு இல்லை.

கீழ்ச்சுரம்

நண்பர் இரைச்சல்விரும்பி 1994ஆம் ஆண்டைச் சுட்டியது நல்லதாயிற்று, ஏனெனில் என் வாதத்துக்கும் அந்த ஆண்டுதான் ஆதாரம்.

அந்த ஒரே ஆண்டில் லீப்பும் ஃபல்பரும் வெளியிட்டவற்றைப் பாருங்கள். ஃப்ரண்ட் லைன் அசெம்பிளியின் பெயரில் 'மில்லேனியம்' வந்தது; அதுவரை இல்லாத அளவுக்கு மெட்டல் கிட்டார் நிரம்பிய தட்டு அது, டெவின் டவுன்செண்ட் அதில் கிட்டார் வாசித்திருக்கிறார். டெலிரியத்தின் பெயரில் டாசியே நிறுவனத்துக்காக 'ஸ்பியர்ஸ்', 'ஸ்பியர்ஸ் 2' என்ற இரண்டு தட்டுகள் வந்தன. இரண்டிலும் பாடகர் என்று யாருமில்லை, விண்வெளியின் குளிர்தான் இருக்கிறது. அதே டெலிரியத்தின் பெயரில்தான் நெட்வெர்க்குக்காக 'செமான்டிக் ஸ்பேசஸ்' வந்தது. சந்தையைப் பார்த்து ஓடியவர்கள் என்றால், பழைய முறையில் இரண்டு தட்டுகளை அதே ஆண்டில் ஏன் செய்ய வேண்டும்? மூன்று திசைகளில் ஒரே நேரத்தில் நடந்தார்கள் என்பதுதான் தெரிகிறது. ஃபல்பர் அதற்கு முந்தைய ஆண்டில் ஃபியர் ஃபேக்டரி என்ற மெட்டல் குழுவின் பாடல்களை மறுகலவை (ரீமிக்ஸ்) செய்திருந்தார். அடுத்த ஆண்டில் அவர்களுடைய 'டிமேனுஃபேக்சர்' தட்டிலும் கைவைத்தார். மெட்டலையும் மெல்லிசையையும் ஒரே மனிதர் ஒரே காலத்தில் செய்தார் என்பதை மறந்துவிட வேண்டாம்.

நடனத் தாளமும் நெட்வெர்க்குக்கு முன்பே வந்துவிட்டது. 1991இல் தர்ட் மைண்ட் வெளியிட்ட 'யூஃபோரிக்' என்ற சிறிய தட்டில் தாளம் முன்னுக்கு வந்திருப்பதைக் கேட்கலாம். 1992இல் இதே இருவரும் இன்டர்மிக்ஸ் என்ற மற்றொரு பெயரில் டெக்னோ என்ற மின்னணு நடன இசையை ஒட்டிய இசையைச் செய்தார்கள். நாய்ஸ் யூனிட் என்ற பெயரும் இடையில் இருக்கிறது. பெயர்ப்பலகைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் தெருவே அவர்களுடையது போலத் தோன்றுகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாடகியை முன்னிறுத்திப் பாட்டு வடிவத்துக்கு வந்தது 1994இல்தான். அதில் எனிக்மாவின் காலத்து வாடை இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. முதல் பதிவில் அதை நான் எழுதாமல் விட்டது குறைதான்.

மழைக்கால ரேடியோ

நெட்வெர்க் என்றால் ஏதோ தொலைதூரப் பெருநிறுவனம் என்ற எண்ணம் சிலருக்கு வரக்கூடும். 1984இல் வான்கூவரிலேயே தொடங்கிய நிறுவனம் அது. ஸ்கின்னி பப்பியின் தொடக்ககாலத் தட்டுகளை வெளியிட்டதும் அவர்களே. சாரா மெக்லாக்லனும் அதே நிறுவனத்தின் பாடகி. ஆக, 1997இன் 'கர்மா' தட்டில் அவர் பாடியது, ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்குள் நடந்த ஏற்பாடு. அதே ஆண்டில்தான் அவருடைய 'சர்ஃபேசிங்' வெளியாகி அவர் பெரும்புகழ் பெற்றார் என்பதால், டெலிரியம் ஒரு நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்தது போலப் பின்னாளில் தோற்றமளிக்கிறது.

வட்டத்தகடு

இந்த இழையில் எல்லாரும் தட்டுகளின் ஆண்டுகளைப் பேசுவதால், ஒரு தட்டை வாங்கி ஏமாந்தவனின் அனுபவத்தையும் பதிவு செய்கிறேன்.

'சைலன்ஸ்' ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில் அதன் குறுந்தட்டை அஞ்சல்வழி விற்பனையாளர் ஒருவரிடமிருந்து வரவழைத்தேன். உறையின் ஓரம் நசுங்கி, ஆறு வாரம் கழித்து வந்து சேர்ந்தது. உள்ளே இருந்தவை அனைத்தும் மறுகலவைகள்; ஒன்றைவிட ஒன்று வேகமானவை. மூலப் பாட்டு அந்தத் தட்டில் இல்லவே இல்லை. மாற்றித் தரக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு, நண்பர் ஒருவருடைய வீட்டில் 'கர்மா'வைக் கேட்டபோதுதான் மூலம் எவ்வளவு மெதுவானது என்று தெரிந்தது. முதலில் அவருடைய கருவியில் மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்று நினைத்தேன்! ஓதுதல் எழுந்து அடங்கி, கீழ்ச்சுரம் நின்று, அதன் பிறகு தான் அவசரப்படாமல் குரல் வருகிறது. நான் அதுவரை தலையாட்டிக் கேட்டது அந்தப் பாட்டை அன்று, அதைப் பற்றிய வேறொருவரின் கருத்தை என்று அன்றுதான் புரிந்தது.

இரைச்சல்விரும்பி

வட்டத்தகடு அவர்கள் என் வேலையை எளிதாக்கிவிட்டார். 1997இல் தட்டில் வந்தபோது அந்தப் பாட்டு உலகை அசைக்கவில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஏர்ஸ்கேப்பும் நெதர்லாந்தின் டியெஸ்டோவும் அதை டிரான்ஸ் என்ற வேகமான மின்னணு நடன இசையாக மாற்றிய பிறகுதான், 2000ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. அப்படியானால், டெலிரியத்தின் புகழ் டெலிரியம் ஈட்டியது அன்று. ஒரு கிளைக்குழுவின் வரலாற்றில், அக்குழுவினர் கலவை மேசையின் அருகில்கூட இல்லாத ஒரு வடிவத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பது எப்படிப் பொருந்தும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வெற்றி வந்தபோது ஃபல்பர் குழுவிலேயே இல்லை. 'கர்மா'வுக்குப் பிறகு அவர் விலகிவிட்டார். 2000இல் வந்த 'போயம்' தட்டு அவரில்லாமல் செய்தது. பாதிக் குழு வெளியேறிய பின் வந்த புகழை யாருடைய கணக்கில் எழுதுவது?

நான்காம் தடம்

கணக்கு எழுதுவதற்கு முன், மறுகலவையில் எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

பொதுவாக மறுகலவை செய்பவருக்குத் தனித்தனியாகப் பிரித்த தடங்களை அனுப்புவார்கள். அவர் முதலில் தூக்கி எறிவது தாளத்தை. அடுத்துப் பெரும்பாலும் கீழ்ச்சுரத்தை. எஞ்சுவது குரலும் ஓரிரு மிதக்கும் ஒலிகளும். அந்தக் குரலைச் சுருதி மாறாமல் புதிய வேகத்துக்கு இழுத்துப் பொருத்த வேண்டும். சொற்கள் நெருக்கமாகப் பாடிய பாட்டு என்றால் இந்த வேலையில் குரல் உடைந்து, எந்திரம் விக்குவது போல ஆகிவிடும். 'சைலன்ஸ்' பாட்டில் மெக்லாக்லன் நீண்ட உயிரொலிகளைப் பிடித்து நிறுத்திப் பாடியிருக்கிறார். வரிகளுக்கு இடையில் மூச்சுவிட இடம் இருக்கிறது. டிரான்ஸ் இசையின் இயல்பே, நிமிடத்துக்கு 130க்கு மேற்பட்ட துடிப்புகள் கீழே ஓடும்போது மேலே ஒரே ஒரு சுரம் அசையாமல் நிற்பதுதான். டியெஸ்டோவின் முழு வடிவம் 11 நிமிடத்துக்கு மேல் ஓடியும் சலிக்காமல் இருப்பதற்கு, அவ்வளவு வெற்றிடத்தை மூலத்தை ஆக்கியவர்கள் விட்டுவைத்திருந்தார்கள் என்பதும் காரணம்.

நெடுநேரம் நிற்கும் சுரம், அதைச் சுற்றிய வெற்றிடம் என்ற பழக்கம் அவர்களுக்கு டாசியே காலத்தில் வந்தது. எனவே, மேசையருகில் அவர்கள் இல்லை என்பது சரி. மேசைக்கு வந்த பொருள் அவர்களுடையது. ஃப்ரண்ட் லைன் அசெம்பிளியின் பாட்டு ஒன்றை இப்படி நீட்ட முடியுமா என்று முயன்று பாருங்கள். அவற்றில் இடைவெளியே கிடையாது. அதுதான் அவற்றின் அழகும்.

வட்டத்தகடு

அதற்குப் பிந்தைய காலத்தையும் விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே வாதிடுவதற்கு அதிகம் இல்லை. ஃபல்பர் வெளியே போய்ச் சும்மா இருக்கவில்லை. கான்ஜூர் ஒன் என்ற பெயரில் 2002இல் ஒரு தட்டை அதே நெட்வெர்க்கிலிருந்து வெளியிட்டார். ஷினெய்ட் ஓ'கானர் அதில் பாடியிருக்கிறார். கிளைக்குக் கிளை! 2003இன் 'கைமீரா'வில் டெலிரியத்துக்குத் திரும்பினார். 'நுவாஜ் து மோந்த்' 2006இலும், 'மியூசிக் பாக்ஸ் ஓபரா' 2012இலும், 'மித்தாலஜி' 2016இலும், 'சைன்ஸ்' 2023இலும் வந்தன. தட்டுக்குத் தட்டு வெவ்வேறு பாடகிகள், ஏறத்தாழ அதே வார்ப்பு என்ற நிலை 'கைமீரா'வுக்குப் பிறகு வந்துவிட்டது என்பது என் மதிப்பீடு. நல்ல பாடல்கள் இருக்கின்றன, வியப்பு குறைந்துவிட்டது. டாசியே காலத்தில் யாரும் எதிர்பார்க்காததால் எதையும் செய்ய முடிந்தது. 'சைலன்ஸ்' வந்த பிறகு அடுத்த 'சைலன்ஸ்' எங்கே என்ற எதிர்பார்ப்பு அந்த அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

கீழ்ச்சுரம்

வட்டத்தகடு சொன்னது, நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தது. தாய்க்குழுவுக்கு ஒரு முகம் இருப்பதால்தான் கிளை தேவைப்பட்டது. கிளைக்கும் ஒரு முகம் அமைந்துவிட்டபோது அது கிளையாக இருப்பதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு, மெதுவான அச்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? ஃப்ரண்ட் லைன் அசெம்பிளியின் பிற்காலத் தட்டுகளிலேயே அந்த மிதக்கும் ஒலிகள் முன்பைவிட அதிகமாகத் தலைகாட்டுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய பெயர்ப்பலகைகளும் திரும்ப வருகின்றன. லீப், செவின் கீ, ஸ்கின்னி பப்பியின் டுவெய்ன் கெட்டல் ஆகிய மூவரும் சேர்ந்து 1991இல் ஒரே ஒரு தட்டு வெளியிட்டு நிறுத்திவிட்ட சைபராக்டிஃப், 2024இல் இரண்டாவது தட்டுடன் மீண்டது. கெட்டல் 1995இலேயே மறைந்துவிட்டதால், அவருடைய இடத்தில் இம்முறை ஃபல்பர் இருந்தார்.

நண்பர் இரைச்சல்விரும்பிக்கு ஒரு வேண்டுகோள். 'ஸ்டோன் டவர்', 'ஸ்பியர்ஸ்', 'செமான்டிக் ஸ்பேசஸ்' ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் ஒரே இரவில் கேட்டுவிட்டு எழுதுங்கள். வேறொரு குழு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை நீங்களே குறித்துச் சொல்லுங்கள்.

இரைச்சல்விரும்பி

கேட்டேன். மூன்றையும் தலையணி ஒலிபெருக்கியில், இடையில் ஒரு தேநீருக்கு மட்டும் எழுந்து.

நான் இதுவரை தாளத்தைத்தான் குற்றவாளியாக நினைத்திருந்தேன். 'ஸ்பியர்ஸ்' தட்டிலேயே தாளம் பல இடங்களில் நன்றாக முன்னால் நிற்கிறது. அது எனக்குத் தொந்தரவாக இல்லை. 'செமான்டிக் ஸ்பேசஸ்' முதல் பாட்டான 'ஃப்ளவர்ஸ் பிகம் ஸ்கிரீன்ஸ்' தொடங்கும்போதுகூட நான் விலகவில்லை. அடியில் நிற்பவை முன்பு கேட்ட அதே வகை ஒலிகள்தான். நான் விலகியது தர்ஸ்கின் குரல் சொற்களோடு உள்ளே வரும் நொடியில். அவர் நன்றாகத்தான் பாடுகிறார். ஆனால், அதுவரை அந்த இருட்டில் என்ன இருக்கிறது என்று நானே எண்ணிக்கொண்டிருந்தேன்; அவர் வந்து அது என்னவென்று சொல்லத் தொடங்கிவிட்டார். ஆகவே, "வேறொரு குழு" என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதே குழுதான், சொற்கள் வந்துவிட்டன. எனக்கு அது போதுமான இழப்பு. பிறருக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை.

'ஸ்பியர்ஸ் 2' தட்டின் நல்ல பிரதி யாரிடமாவது விற்பனைக்கு இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். என்னிடம் உள்ளது மூன்றாவது தடத்தில் சிக்கிக்கொள்கிறது.